கடல் முகடு கரையேறும் இடம்

ஐஸ்லாந்துக்கு விமானத்தில் வரும் ஏறக்குறைய எல்லாரும் முதலில் மிதிப்பது ரெய்க்யானெஸ் தீபகற்பத்தைத்தான். கெஃப்லாவிக் விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. வெளியே வந்து வாடகைக் கார் எடுப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கே, தலைநகர் ரெய்க்யாவிக் பக்கம் போய்விடுவார்கள். அருவிகளும் பனியாறுகளும் அந்தத் திசையில். நான் தென்மேற்கு முனைக்கு வண்டியைத் திருப்பினேன். உலகின் மிக நீளமான மலைத்தொடர் கடலுக்குள்ளிருந்து கரையேறும் இடம் அங்கே இருக்கிறது. அதைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

அந்த மலைத்தொடருக்கு நடுக்கடல் முகடு என்று பெயர். அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல், பசிபிக் என்று எல்லாவற்றின் அடியிலும் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு அது ஓடுகிறது. புவித்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் கோடு அது. விலகுகிற இடத்தில் அடியிலிருந்து மாக்மா ஏறி, இறுகி, புதிய கடல்தளம் ஆகிறது. பூமி கக்கும் லாவாவில் பெரும்பகுதி இப்படித்தான் வெளியே வருகிறது. சராசரியாக இரண்டரை கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

சாலையின் இருபுறமும் பழைய லாவா வெளிகள். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரும்பாறையின் மேல் சாம்பல் கலந்த பச்சையில் பாசி, கால் புதையும் கனத்துக்குப் படர்ந்திருக்கிறது. அதை மிதித்தால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் பாதையை விட்டு இறங்க மனம் வராது. சாண்ட்விக்கில் ஒரு சிறிய நடைபாலம். இந்தப் பக்கம் வட அமெரிக்கத் தட்டு, அந்தப் பக்கம் யூரேசியத் தட்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். எல்லாரும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தட்டுகளின் எல்லை இப்படி ஒரே பள்ளமாக இருப்பதில்லை. பல கிலோமீட்டர் அகலத்தில் பிளவுகளும் எரிமலை வாய்களும் கலந்து கிடக்கும் பட்டை அது. பாலத்தைக் கடந்து மேலே போனேன்.

முனையில் வலாஹ்நூகுர் என்ற குன்று. அட்லாண்டிக் அதன் காலடியில் வந்து மோதுகிறது. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் குன்னுஹ்வேர் வெந்நீர் ஊற்றுகளின் ஆவி எழுந்து காற்றில் சாய்கிறது. ஐஸ்லாந்தின் மற்ற ஊற்றுகள் பெரும்பாலும் மழை நீரும் பனி நீரும் சூடானவை. இங்கே கொதிப்பது பாறைக்குள் ஊறி இறங்கிய கடல்நீர். எதிரே தொலைவில் எல்டே தீவு, 77 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறையாக நிற்கிறது. பறக்கத் தெரியாத பெரிய ஆக் பறவையின் கடைசி இணையை 1844இல் கொன்றது அந்தத் தீவில்தான். அதை அறிந்த பிறகு அந்தப் பாறையை வேறு விதமாகப் பார்க்க முடியவில்லை.

எல்டேயும் முகட்டின் ஒரு பகுதியே. அதைத் தாண்டித் தென்மேற்கே ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு ரெய்க்யானெஸ் முகடு கடலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறங்கிக்கொண்டே போகிறது. இங்கே தட்டுகள் விலகும் வேகம் வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, நடு அட்லாண்டிக்கிலும் ஏறக்குறைய அதே வேகம்தான். இழுப்பு ஒரே மாதிரி இருக்கும்போது, அங்கே ஆழத்தில் கிடக்கும் முகடு இங்கே மட்டும் ஏன் தண்ணீரை விட்டு எழுந்து ஒரு நாடாகவே ஆகிவிட்டது? அந்தக் குன்றின் விளிம்பில் நின்றவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

விடை கவசத்தில் இருக்கிறது, புவிமேலோட்டுக்கு அடியில் தொடங்கி 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை போகும் அந்தப் பாறை அடுக்கில். கவசம் முழுக்க உருகிய குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது திடப்பாறை. கடுஞ்சூட்டில் இருந்தாலும் மேலே உள்ள பாரம் அதை உருக விடுவதில்லை. பிரஷர் குக்கருக்குள் இருக்கும் தண்ணீரும் அப்படித்தான். கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டியும் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கும், ஆவியைச் சட்டென்று விட்டால் அடுப்பு அணைந்த பிறகும் கொதிக்கும். தட்டுகள் விலகும் இடத்தில் கவசப் பாறை மெல்ல மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. சுமார் 60 கிலோமீட்டர் ஆழத்துக்கு வந்ததும், யாரும் புதிதாகச் சூடேற்றாமலே, பாறையின் ஒரு சிறு பங்கு உருகத் தொடங்குகிறது. அந்த உருகலெல்லாம் சேர்ந்து மேலே வந்து 6, 7 கிலோமீட்டர் கனத்துக்குக் கடல் மேலோட்டை உண்டாக்குகிறது. உலகின் பெரும்பாலான முகடுகளில் இதுதான் கணக்கு.

ஐஸ்லாந்தின் அடியில் கவசம் மற்ற இடங்களைவிட 100 முதல் 200 டிகிரி வரை கூடுதல் சூடு. ஆழத்திலிருந்து ஒரு வெப்பத் தூண் இங்கே எழுந்து வருகிறது. சூடு கூடினால் பாறை இன்னும் ஆழத்திலேயே உருகத் தொடங்கிவிடும், மேலே வரும் வழி நெடுக உருகிக்கொண்டே வரும். அதனால் மாக்மா பல மடங்கு. ரெய்க்யானெஸ் முனையில் மேலோட்டின் கனம் 15 கிலோமீட்டர், நாட்டின் நடுவே 40 கிலோமீட்டரை நெருங்குகிறது. கனத்த மேலோடு கவசத்தின் மேல் உயர்ந்து மிதக்கிறது, சூடான கவசமும் அதை அடியிலிருந்து தூக்குகிறது. அந்த உயர்வின் மேல்தான் இந்த நாட்டு மக்கள் ஆடு மேய்க்கிறார்கள், மீன்பிடி ஊர்கள் கட்டியிருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஷான்-கீ ஷில்லிங் என்ற புவிவேதியியலாளர் இந்த முகட்டின் மேலாகப் போன கப்பல்களிலிருந்து இரும்பு வலைப்பையைச் சங்கிலியில் கட்டிக் கடலடியில் இழுத்து, பாறைத் துண்டுகளை அள்ளினார். எல்லாம் கறுப்பு பசால்ட். பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆய்வகத்தில் உடைத்து அளந்தபோது, ஐஸ்லாந்துக்கு அருகில் கிடைத்த துண்டுகளில் சில அருமண் தனிமங்கள் மிகுதியாக இருந்தன. தெற்கே போகப் போகப் படிப்படியாகக் குறைந்தன. ஒரு பெரிய ஊற்றின் நீர் மெல்லக் கடலில் கலந்து கரைவது தெரிவது போல, வெப்பத் தூணின் சரக்கு முகட்டோரமாகப் பரவி நீர்த்துப்போவதை அந்தக் கற்கள் காட்டின. 1973இல் அவர் அதை வெளியிட்டார்.

1987இல் எமிலி கிளைனும் சார்ல்ஸ் லாங்மியூரும் உலகின் முகடுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கை விரித்தார்கள். அவர்கள் பார்த்தது சோடியத்தை. கவசப் பாறை உருகத் தொடங்கியதும் முதல் துளிகளிலேயே சோடியம் வெளியேறிவிடும். பாறை மேலும் மேலும் உருகினால் அந்தச் சோடியம் நீர்த்துப்போகும். ஆகவே பசால்ட்டில் சோடியம் அதிகம் என்றால் அடியில் கொஞ்சம்தான் உருகியிருக்கிறது, குறைவு என்றால் நிறைய உருகியிருக்கிறது. முகடு ஆழமாகக் கிடக்கும் இடங்களில் சோடியம் அதிகம், மேலோடு மெலிவு. முகடு உயர்ந்திருக்கும் இடங்களில் அதற்கு நேர்மாறு. ஒரு கைப்பிடிக் கல்லை வைத்துக்கொண்டு அறுபது, நூறு கிலோமீட்டர் அடியில் உள்ள சூட்டைச் சொல்ல முடிகிறது! பிற்பாடு 2014இல் நில அதிர்வு அலைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, முகடுகளின் அடியில் கவசத்தின் சூடு இடத்துக்கு இடம் 250 டிகிரி வரை வேறுபடுகிறது என்று தெரிந்தது.

சூடு மட்டுமே காரணம் என்றிருந்தால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். கவசம் எல்லா இடத்திலும் ஒரே பாறையும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழைய கடல்தளங்கள் கவசத்துக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கின்றன. அவை முற்றிலும் கரைந்து கலந்துவிடவில்லை. எங்கோ ஒரு திட்டாக, எங்கோ ஒரு கீற்றாக, பச்சை ஆலிவின் நிறைந்த கவசப் பாறைக்கு நடுவே கிடக்கின்றன. இந்தச் செழித்த திட்டுகள் எளிதில் உருகும், ஆகவே ஆழத்திலேயே உருகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை உருகிச் சாறு போன பாறை இன்னும் மேலே வந்தால்தான் உருகும். இரண்டு உருகலும் வழியில் கலந்து ஒன்றாகிவிடுவதால், மேலே கொட்டும் லாவாவை மட்டும் பார்ப்பவர்களுக்கு அடியில் உள்ள வேறுபாடு தெரியாமலே போய்விடும். கலப்பதற்கு முன்னால் பிடித்தால்தான் தெரியும். அப்படிப் பிடித்த இடத்துக்குத்தான் மறுநாள் போனேன்.

தென்கரைச் சாலையில் கிரிண்டாவிக்கைத் தாண்டிக் கிழக்கே போனால் ஃபாக்ரடால்ஸ்ஃப்யால் மலை. வண்டியை நிறுத்திக் கொஞ்சம் நடந்ததுமே நௌத்தஹாகி பள்ளத்தாக்கை நிறைத்து நிற்கும் 2021ஆம் வருடத்து லாவா எதிரில் வந்துவிடுகிறது. பழைய லாவாவில் பாசி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கறுப்பு கூசுகிறது. விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தேன். மேல்தோல் கயிறு முறுக்கினாற்போல் சுருண்டு, கண்ணாடி மினுமினுப்போடு, தொட்டால் விரல் கீறும் கூர்மையோடு இருந்தது. உடைந்த இடத்தில் உள்ளே முழுக்கச் சிறு துளைகள், வாயு வெளியேறிய தடம்.

அன்று எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் நிலவியல் படிக்கும் மாணவி. கழுத்தில் தொங்கிய கைலென்ஸை எடுத்து என்னிடம் கொடுத்தார். “கண்ணுக்கு ஒட்டி வையுங்கள், கல்லை நெருக்கமாகக் கொண்டுவாருங்கள்” என்றார். கறுப்புக்கு நடுவே மங்கிய பச்சையில் ஒரு மணி தெரிந்தது. வெயில் பட்டதும் உள்ளே ஒளி புகுந்தது. ஆலிவின். “இதற்குள்ளே இன்னும் சின்னதாக, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கண்ணாடித் துளிகள் இருக்கும். ஆழத்தில் இந்தப் படிகம் வளர்ந்தபோது சுற்றியிருந்த மாக்மாவை விழுங்கி மூடிக்கொண்டது. மற்ற உருகலோடு கலக்காத மாக்மா அது” என்றார். அந்தத் துளிகளின் வேதியியல், ஒரே கல்லிலுள்ள அடுத்தடுத்த படிகங்களிலேயே மாறுபடுவது உண்டு. லாவா மறைத்துவிட்டதைப் படிகம் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

2021 மார்ச் 19 இரவு இந்த மலைக்கு நடுவே கெல்டிங்கடாலிர் என்ற சிறு பள்ளத்தில் தரை பிளந்தது. ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் ஏறக்குறைய 800 ஆண்டுகளில் அதுவே முதல் வெடிப்பு. ஃபாக்ரடால்ஸ்ஃப்யால் அதற்கு முன் சுமார் 6,000 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. ஆளைத் துரத்தும் வெடிப்பாக இல்லாமல் அமைதியாக ஒழுகியதால், மக்கள் குடும்பம் குடும்பமாக மலையேறி வந்து பார்த்தார்கள். எங்கள் வழிகாட்டியும் அப்போது பள்ளிச் சிறுமியாகப் பெற்றோருடன் வந்திருந்தார். கூட்டத்துக்குள்ளே சிலர் மட்டும் நீளமான இரும்புக் கம்பியும் தண்ணீர் வாளியும் வைத்திருந்தது தனக்கு விநோதமாக இருந்தது என்றார். அவர்கள் ஆய்வாளர்கள். கம்பியால் உருகிய லாவாவைக் கிள்ளி எடுத்து உடனே தண்ணீரில் போட்டார்கள். சட்டென்று குளிர்ந்தால் படிகம் வளர நேரம் கிடைக்காது, வெளியே வந்த கணத்தில் என்ன இருந்ததோ அது அப்படியே கண்ணாடியாக உறைந்துவிடும். 

அந்த மாதிரிகளிலிருந்து வந்த சேதி நிலவியலாளர்களையே உலுக்கியது. சேமுண்டூர் ஹால்டோர்சனும் அவருடைய குழுவும் 2022இல் அதை வெளியிட்டார்கள். வழக்கமாக மாக்மா மேலோட்டின் நடுவில் ஒரு அறையில் தங்கி, கலந்து, பழகிவிட்டுத்தான் மேலே வரும். இங்கே அது மேலோடும் கவசமும் சந்திக்கும் இடத்திலிருந்து, சுமார் 15 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து, அதிகம் தங்காமல் வந்துவிட்டது. முதல் நாட்களில் கொட்டிய லாவா, கவசத்தின் மேல்பகுதியில், சாறு போன பாறையிலிருந்து உருகியது. அடுத்த மூன்று வாரங்களுக்குள் அது மாறிவிட்டது. இன்னும் ஆழத்தில், செழித்த பாறையிலிருந்து உருகிய மாக்மா ஓங்கத் தொடங்கியது. வாய் அதே வாய், மலை அதே மலை. மற்ற எரிமலைகளில் இத்தகைய மாற்றத்தைக் காண நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு லாவாக்களை அடுக்கி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே மார்ச்சில் வந்த கல்லையும் ஏப்ரலில் வந்த கல்லையும் ஒப்பிட்டாலே போதும்.

வேகமும் மாறியது. தொடக்கத்தில் நிமிடம் தவறாத மெல்லிய ஒழுக்கு. பிறகு மே, ஜூன் வாக்கில் ஏறக்குறைய இருமடங்கு. செப்டம்பரில் நின்றபோது 15 கோடி கன மீட்டர் லாவா கொட்டியிருந்தது. என் காலடியில் இருந்தது ஆழத்து மாக்மா ஓங்கிய பிறகு வழிந்து வந்த பகுதி. நிறத்தில், தொடுகையில் எந்த வித்தியாசமும் கிடையாது. அப்படியிருந்தும் இந்தக் கல்லின் பெரும்பங்கும் மேட்டின் அந்தப் பக்கம் கிடக்கும் முதல் நாள் கல்லும் கவசத்தில் வேறு வேறு ஆழத்தில் பிறந்தவை என்ற நினைப்பு, அந்தக் குளிர்காற்றில் என்னை வெகுநேரம் அங்கேயே நிறுத்தி வைத்தது.

மாக்மா மிகுதிக்கு ஐஸ்லாந்து ஒரு கோடி என்றால், மாக்மா போதாத மறுகோடியும் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகே அட்லாண்டிக்கின் நடுவில் செயின்ட் பீட்டர், செயின்ட் பால் என்ற சிறு பாறைத்தீவுகள் இருக்கின்றன. 1832இல் பீகிள் கப்பலில் அங்கே இறங்கிய டார்வின், நடுக்கடல் தீவாக இருந்தும் அது எரிமலைப் பாறை இல்லை என்று கவனித்து வியந்தார். அங்கே கடலுக்கு மேலே தலைநீட்டி நிற்பது கவசப் பாறையேதான். அடியில் கவசம் குளிர்ந்திருப்பதால் மாக்மா போதவில்லை, மேலோடு சரியாக மூடவில்லை. ஆர்க்டிக் பனிக்கு அடியில் ஓடும் காக்கெல் முகட்டிலும் 2001இல் இரண்டு பனியுடைப்புக் கப்பல்கள் போய்ப் பாறை அள்ளின. உலகிலேயே மிக மெதுவாக விலகும் முகடு அது. சில நீட்சிகளில் லாவாவே இல்லாமல் கவசப் பாறை கடல்தளத்தில் கிடந்தது. ஆனால் மாக்மாவே இருக்காது என்று எதிர்பார்த்த வேறு சில நீட்சிகளில் பெரிய எரிமலைகள் நின்றன. விலகும் வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்களை அந்தக் கற்கள் திருத்தின.

நம் பெருங்கடலுக்கும் இதில் ஒரு தனிக் கதை உண்டு. இந்தியப் பெருங்கடல் முகடுகளின் பசால்ட்டில் ஈயத்தின் ஐசோடோப்புகள் பசிபிக்கில் இருப்பதைப் போல் இல்லை. அடியில் உள்ள கவசத்துக்கே வேறு கைரேகை. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, அண்டார்க்டிகாவுக்குப் போகும் வழியில் முகடு திடீரென்று 4 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிக் குழம்பிக் கிடக்கிறது. கவசம் குளிர்ந்த இடம் அது. அங்கேதான் இந்தியக் கவசம் முடிந்து பசிபிக் கவசம் தொடங்குகிறது. சில பத்து கிலோமீட்டருக்குள் கைரேகை மாறிவிடுகிறது. முகட்டோரமாக அடுத்தடுத்து அள்ளிய பாறைகளை வைத்து, எமிலி கிளைனும் கூட்டாளிகளும் 1988இல் அந்த எல்லையைக் காட்டினார்கள். கடல்களுக்கு நாம் வைத்த பெயர்கள் கண்டங்களின் கரையைப் பார்த்து வைத்தவை. அடியில் பாறைக்குள்ளும் கிட்டத்தட்ட அந்தப் பெயருக்கு ஒரு எல்லை இருக்கும் என்று பெயர் வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியில் கிரிண்டாவிக் ஊர். மேலே சொன்னதெல்லாம் கல்லின் கதை. அதற்கு விலை கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2023 நவம்பர் 10 இரவு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்கு மாக்மா சுவர் போல் நிலத்தைக் கிழித்துக்கொண்டு ஊருக்கு அடியில் புகுந்தது. சுமார் 3,800 பேரும் அந்த இரவே வெளியேறினார்கள். டிசம்பர் 18 அன்று ஊருக்கு வடக்கே சுந்த்நூகுர் வாய்வரிசையில் வெடிப்பு தொடங்கியது. 2024 ஜனவரி 14 அன்று லாவாவைத் தடுக்க எழுப்பிய மண்மேட்டு அரணுக்கு ஊர்ப் பக்கமே ஒரு பிளவு திறந்து மூன்று வீடுகள் எரிந்தன. ஊருக்குள் விரிசல் விட்ட தெருக்களைப் பார்த்தேன். தடுப்புக் கட்டிய ஒரு விளையாட்டு மைதானம், திரை போட்ட ஜன்னல்கள். ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே வழிகாட்டியின் குரல் தணிந்தது. அவருடைய சித்தி வீடு இங்கே இருந்தது, அரசே விலைக்கு வாங்கிக்கொண்டது என்றார்.

2021 மார்ச் தொடங்கி 2025 ஜூலை வரை இந்தத் தீபகற்பத்தில் 12 வெடிப்புகள். இதற்கு முந்தைய எரிமலைக் காலம் 950 வாக்கில் தொடங்கி 1240 வரை நீடித்தது. சுந்த்நூகுரில் மாக்மா நேரே ஆழத்திலிருந்து வருவதில்லை. பக்கத்து ஸ்வார்ட்ஸெங்கி பகுதிக்கு அடியில் 4, 5 கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி, தரையை மெல்லத் தூக்கி, நிறைந்ததும் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு வருகிறது. அதனால் தரை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்தே எச்சரிக்கை கொடுக்க முடிகிறது. இங்கே ஊரைக் காலி செய்யச் சொல்வதற்கு அந்த அளவீடு உதவியிருக்கிறது. அடியில் எங்கே தங்குகிறது, எங்கே தங்காமல் வருகிறது என்ற வேறுபாடு இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

படிப்பு முடிந்ததும் எந்த எரிமலைக்குப் போவீர்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். எரிமலைக்குப் போகப்போவதில்லை, கப்பலில் போகப் போகிறேன் என்றார். எல்டேக்கு அந்தப் பக்கம் கடலுக்கு அடியில் 900 கிலோமீட்டர் கிடக்கிறது, அங்கேயும் இப்படி வாரத்துக்கு வாரம் மாறுகிறதா என்று யாரும் உடனிருந்து பார்த்ததில்லை, அங்கிருந்து கல் அள்ள வேண்டும் என்றார்.